குன்வோர் ஷோடினின் உடை மாற்றும் நிரல்

பெயர் தோர்ஸ்தென் எக்ப்ளாட், வயது ஐம்பத்தெட்டு, பேருந்துப் பணிமனையில் மின்பழுது பார்ப்பவன், சுண்ட்ஸ்வால் நகரில் தனியாக வசிப்பவன். ஹேர்னோசாண்ட் காவல் நிலையத்தில் அதிகாரி கேட்டதன்பேரில், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொல்வதாவது:

இந்த ஹேர்னோசாண்டில் வசித்து இறந்துபோன குன்வோர் ஷோடினைப் பல வருடங்களாக எனக்குத் தெரியும். கணினிக்குள் இருக்கும் ஒரு மெய்நிகர் உலகத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு படகுத்துறை கட்டி வைத்திருக்கிறோம். எல்லாருமே தனியாக வாழ்கிறவர்கள். அங்கே நிற்கும் எங்கள் திரை உருவங்களான அவதாரங்களுக்குத் தினமும் காலையில் உடை மாற்றிவிட வேண்டும் என்பது எங்களுக்குள் வழக்கம். யாராவது மதியம் வரை நேற்றைய உடையிலேயே நின்றால் அவருக்குப் போன் செய்வோம். மாற்றியிருந்தால் தொந்தரவு செய்ய மாட்டோம். பேசாமலே நாள்கணக்கில் நிற்பவர்களும் உண்டு.

குன்வோருக்குக் கைநடுக்கம். சட்டை, காலணி, தொப்பி என்று ஒவ்வொன்றாகத் தேடிப் போடச் சிரமப்பட்டதால், அவர் ஊர் வானிலையைப் பார்த்துத் தானே உடை மாட்டிவிடும் ஒரு நிரலை எழுதிக் கொடுத்தேன். காலையில் அவர் ஒரு விசையை அழுத்தினால்தான் அது ஓடும் என்று வைத்திருந்தேன். அதன்பின் அவர் போனில், "ஏம்ப்பா, இதுக்கும் நான் எந்திரிச்சு வந்து பட்டனத் தட்டணுமா? அப்புறம் என்னத்துக்கு இது?" என்று சத்தம் போட்டார். நான் சிரித்துக்கொண்டே அந்த விசையை எடுத்துவிட்டு, தினமும் காலையில் தானே ஓடும்படி வைத்தேன். "மத்தவங்ககிட்ட சொல்லிடாத, கெழவி ஏமாத்துறான்னு கேலி பண்ணுவாங்க" என்றார். நானும் சொல்லவில்லை. கணினியை அவர் அணைப்பதே இல்லை.

அதன்பின் நடுக்கோடை விழா நாளன்று துறையில் எல்லாரும் கூடினோம். அவரவரே செய்த பூமுடியோடு வர வேண்டும் என்பது ஏற்பாடு. தன் பூமுடியைப் பற்றி வசந்தம் முழுக்கப் பேசிய குன்வோர் மழைக்கோட்டும் ரப்பர் பூட்ஸுமாக நின்றார். மாய்-லிஸ் என்ற தோழி, "பாருங்கடி, விருந்துக்குக் கூப்பிட்டா மீன் பிடிக்கப் போறவ மாதிரி வந்து நிக்கிறா" என்றார். எல்லாரும் சிரித்தோம். அப்போதுதான் என் ஜன்னலில் மழை அடிப்பதைக் கவனித்தேன்; பக்கத்து ஊரான அங்கேயும் இதே மழைதான், அந்த உடையை மாட்டியது அவரல்ல, என் நிரல். போன் செய்தேன், எடுக்கவில்லை. அதன்பின் ரயிலேறி வந்து, கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, போலீசாரை அழைத்தேன்.

அவர்கள் கதவைத் திறந்தபோது அவர் சமையலறையில் இறந்து கிடந்தாராம்; என்னை உள்ளே விடவில்லை. விழுந்ததில் இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது என்றும், அதன்பின்னும் சில நாட்கள் உயிரோடு இருந்திருப்பார் என்றும் மருத்துவர் சொன்னார். அந்த நாட்களிலும் அவர் அவதாரம் தவறாமல் உடை மாற்றியது. வெயிலடித்த ஒரு காலையில் மஞ்சள் கவுனில் நின்றதைப் பார்த்து, "இன்னைக்கு ஜம்முனு இருக்கீங்க" என்று எழுதினேன். பதில் வராததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த விசை இருந்திருந்தால் முதல் நாள் மதியமே யாராவது போன் அடித்திருப்போம். இதை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை.

அதன்பின், உறவினர் யாரும் இல்லாததால், உடலை அடையாளம் காட்டும்படி அதிகாரி என்னைக் கேட்டார். துணியை விலக்கினார்கள். நெடுநேரம் பார்த்தேன். நாங்கள் இருவரும் நேரில் சந்தித்ததே கிடையாது. அவருடைய உடுப்பு அத்தனையும் எனக்குத் தெரியும், குரல் தெரியும், முகம் தெரியாது. இவர்தான் குன்வோர் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அதிகாரி இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னதெல்லாம் உண்மை.

(ஒப்பம்) தோர்ஸ்தென் எக்ப்ளாட்