ஒன்பது கல்லுப் பாசி

இல்லக்கா, உங்க கை ஒடிஞ்சத நான் இல்லேன்னே சொல்லல. மாவுக்கட்டு கண்ணுக்குத் தெரியுது. ஆனா அநியாயம் நடந்தது எங்கம்மாவுக்கு. பேரு கற்பகம். நீங்க தங்குன பங்களா வாசல் முத்தத்தப் பதினோரு வருசமா கழுவுறவங்க. பாசியக் கழுவாம விட்டாங்க, அதுலதான் கெஸ்ட் வழுக்கி விழுந்துட்டாங்கன்னு நேத்து வேலைய விட்டு நிறுத்தி வச்சுட்டாங்க.

சண்டைக்கு வரலக்கா. என் குரலே அப்படித்தான். உங்க அண்ணன் கார் மூணாறு வந்து சேர எப்படியும் ஒரு மணி நேரமாகும், எனக்குப் பத்து நிமிசம் போதும். இந்த ஸ்டூல்ல உக்காந்துக்கிறேன், நர்ஸு வந்தா எந்திரிச்சிடுவேன்.

நிறுத்தி வச்சதோட முடியலக்கா. நாளைக்கு பதினோரு மணிக்கு எஸ்டேட் ஆபீஸ்ல பேரு வெட்டப் போறாங்க. பேரு வெட்டுனா வேல மட்டுமில்ல, எஸ்டேட் ஆளுங்க லயத்துல இருக்குற எங்க வீடும் போயிரும். ஒரே ரூமு, ஒரு அடுப்படி, அதான் வீடு. அதுவும் கம்பெனியோடது. வேலையில பேரு இருக்கற வரைக்கும்தான் சாவி எங்க கையில.

அதுக்கு நீங்க என்ன செய்யணுமா? சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். மேனேஜர் எழுதி நீங்க கையெழுத்துப் போட்ட பராதியில, அதான் புகார்ல, அலட்சியம்னு இருக்குல்ல, பாசி கழுவுறதுன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமா? உங்க கோயம்புத்தூர்ல ஒரு தடவ தேச்சா ஆறு மாசம் பாக்க வேணாம். இங்க ஜூன் பொறந்துட்டா ஆறாம் நாளே கல்லு பச்சையாயிரும். ப்ளீச்சிங் பவுடரக் கரைச்சு ஊத்தி, கால் மணி நேரம் ஊறப் போட்டு, ஈர்க்குமாறால குனிஞ்சு தேய்க்கணும். நின்னுகிட்டே தேச்சா மேல் பச்சதான் போகும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல சந்து இருக்குல்ல, அங்கதான் அது குடியிருக்கும். அதச் சுரண்ட எங்கம்மா பழைய கவ்வாத்துக் கத்தி வச்சிருக்காங்க, தேயிலச் செடி வெட்டுற கத்தி. அந்தத் தண்ணி ரோஜாப் பாத்திக்குப் போனா செடி கருகிடும்னு சாக்குப் பைய சுருட்டி அண கட்டுவாங்க. இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா? யாருமில்ல. தானே கண்டுபிடிச்சாங்க. இந்தப் பொம்பளைக்குப் பேரு அலட்சியமா?

சரி, சரி. மெதுவாப் பேசுறேன்.

நீங்க விழுறதுக்கு முன்னாடி படியில உக்காந்து ஒரு போட்டோ எடுத்தீங்கல்ல, செருப்பக் கழட்டிட்டு, ரெண்டு காலையும் அந்தப் பச்சையில வச்சு? அதக் கொஞ்சம் எடுத்துப் பாருங்க. இடது கையால முடியலேன்னா போனக் குடுங்க, நான் பிடிச்சுக்கறேன். நம்பரெல்லாம் பாக்க மாட்டேன்.

இந்தாங்க. பெருசாக்கிப் பாருங்க. முத்தம் முழுக்க கல்லு சாம்பக் கலர்ல பளிச்சுனு இருக்கு. படிக்கட்டு முன்னால மட்டும் மூணுக்கு மூணு, ஒன்பது கல்லு. அதுல விரல் கனத்துக்குப் பச்ச. ஓரத்தப் பாருங்க, ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி. மறந்து போன ஆளு இப்படியா சதுரமா மறப்பாங்க? அலட்சியமா விட்டா கோணல்மாணலாத்தான விடுவாங்க? இது விடச் சொல்லி விட்டது. சுத்தி அஞ்சு நாளைக்கு ஒருக்கா தேச்சு, நடுவுல தொடாம வளத்தது.

இப்பப் போய்ப் பாத்தா அந்தப் பச்ச இருக்காது. நீங்க விழுந்து ஜீப்புல ஏத்திக் கொண்டுபோன அஞ்சாவது நிமிசம் எங்கம்மா கத்தியோட குனிஞ்சுட்டாங்க. மழை கொட்டுது, பவுடரு நிக்காதுன்னு கையாலயே சுரண்டியிருக்காங்க. இன்னொருத்தர் விழுந்துறக் கூடாதுன்னு. அத மேனேஜர் ஜோபி சார் எப்படி எழுதி வச்சிருக்காரு தெரியுமா? குற்றத்த மறைக்க அவசர அவசரமாக் கழுவிட்டாங்கன்னு. கழுவலேன்னாலும் குத்தம், கழுவுனாலும் குத்தம். அதனாலதான் உங்க போன்ல இருக்குற இந்த ஒரு போட்டோவுக்காக பஸ் ஏறி வந்துருக்கேன்.

யாரு விடச் சொன்னாங்களா? அதான் கேக்க வேண்டிய கேள்வி. எம்.ஏ. படிக்கிறேன் கோட்டயத்துல, டிபேட்டுன்னா என்னத்தான் மேடையில ஏத்துவாங்க, ஆனா நேத்து எஸ்டேட் ஆபீஸ்ல நடந்த விசாரணையில இந்தக் கேள்வி வந்தப்ப வாயத் தொறக்கல.

நீங்க அந்த போஸ்ல போட்டோ எடுப்பீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்னு யோசிக்கிறீங்க. எல்லாரும் அப்படித்தான் எடுக்கறாங்க. பங்களா பேஜ்ல மொத போட்டோவே அதான, பச்சக் கல்லு மேல ரெண்டு காலு. அதப் பாத்துதான் ரூம் போட்டீங்களா? பலரும் அப்படித்தான் சொன்னாங்களாம்.

அது என் காலு.

மே மாசம் லீவுல வந்தப்போ எடுத்தது, கோட மழ விடாமப் பேஞ்ச சமயம். அம்மாவுக்குக் காய்ச்சல், ஒரு வாரம் முத்தத்துப் பக்கம் போகல. வெல்வெட் விரிச்ச மாதிரி இருந்துச்சு, எடுத்து ஜோபி சாருக்கு அனுப்புனேன். அவரு போன் பண்ணி, மோளே, நல்லாருக்கு, அந்தப் படிக்கட்டு முன்னால மட்டும் சீசன் முடியற வரைக்கும் கழுவ வேணாம்னு அம்மாட்ட சொல்லிருன்னாரு. இப்ப அப்படிச் சொல்லவே இல்லேங்கறாரு. எழுத்துல இல்ல, போன்ல பேசுனது. அந்தாளு பொய் சொல்றாரு, அதுல சந்தேகமே வேணாம்.

ஆனா அம்மாகிட்டச் சொன்னது நான்தானக்கா. அவங்க ஒத்துக்கல. வழுக்கும்டி, ஆள் நடக்குற எடம்னாங்க. நான் விட்டேனா? படிக்கட்டுக்குக் கம்பி இருக்கு, ஓரமா எறங்குவாங்க, இயற்கையா இருக்கறதத்தான் ஜனங்க தேடி வர்றாங்க, உங்களுக்குப் புரியாதுன்னு அர மணி நேரம் பேசி ஜெயிச்சேன். எங்கம்மாவ ஜெயிச்சேன். அவங்க கத்தியக் கீழ வச்சுட்டு, சரி, படிச்ச பிள்ள சொல்லுதுன்னுட்டாங்க.

அதான் கேக்கறேன், அந்தப் பராதியில பேர மாத்தி எழுதிக் குடுங்க. இடது கையில முடியலேன்னா நான் எழுதறேன், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க. கற்பகம்னு இருக்கற எடத்துல சிவசங்கரின்னு என் பேரப் போடுங்க. ஜோபி சார் பேரும் சேத்து.

நேத்தே நான் ஏன் சொல்லலேன்னா, அந்த ரூம்ல ஜோபி சார் மொதல்லயே சொல்லிட்டாரு, யாரு சொல்லி விட்டாங்கன்னு பேரச் சொன்னா அந்த ஆளு மேல பராதி ஸ்டேஷனுக்குப் போகும்னு. நான் உள்ள போகல. வாசல்லயே நின்னேன். அம்மா திரும்பி என்ன ஒரு தடவ பாத்தாங்க, அவ்வளவுதான். யாரும்மா கழுவ வேணாம்னு சொன்னதுன்னு ஆபீசர் கேட்டாரு. அதுக்கு அவங்க சொன்னாங்க, யாரும் சொல்லல சார், எனக்குத்தான் சோம்பலா இருந்துச்சு.