பிரிவு உபசார மாலை

மாலை விஷயத்தில் நான் கஞ்சத்தனம் பார்க்கிற ஆள் இல்லை, டி.எஸ்.பி. சார். கோயம்புத்தூரை விட்டு மாறுதலாகிப் போகிற எந்த அதிகாரிக்கும் பிரிவு உபசார விழா என் செலவுதான். பூ மார்க்கெட்டில் நரசிம்மலு கடைக்கு முந்தின நாளே போன் போட்டுவிடுவேன். ஆளுயர ரோஜா மாலை, சால்வை, குரூப் போட்டோ. என் சாயப்பட்டறைக்குக் குடைச்சல் கொடுத்தவருக்கும் அதே மாலைதான். சொல்லப்போனால் அவர்களுக்குத்தான் நிறையப் போட்டிருக்கிறேன்.

மாறுதல் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாததில்லை. சென்னைக்கு ஒரு போன். "அவரை அனுப்பி வெச்சுருங்க" என்பேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. போன ஆவணியில் உங்களை இந்த நாற்காலிக்குப் போடும்போதும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டார்கள். நல்ல மனிதர் என்றேன். இதைச் சொல்லிக்காட்டவில்லை.

தொண்ணூற்றாறில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு இன்ஜினியர் தம்பிதுரை வந்த பிறகுதான் தகராறு. கிணத்துக்கடவுப் பக்கம் கிணறுகளில் சாயம் இறங்கிவிட்டது, பட்டறையைப் பூட்ட வேண்டும் என்று எழுதிவிட்டார். பட்டறையை நம்பி முந்நூறு குடும்பம் இருப்பதை அவர் யோசிக்கவே இல்லை. இரண்டு முறை மாறுதல் உத்தரவு வரவழைத்தேன். இரண்டுக்கும் கோர்ட்டில் தடை வாங்கினார். சரி, நேரில் பேசிவிடலாம் என்று வீட்டுக்கே போனேன்.

"ஏனுங்க சார், ஊட்டிப் பக்கம் போயிருங்களேன். கொழந்தைங்களுக்கு நல்ல ஸ்கூலு இருக்குது. எல்லாம் நான் பாத்துக்கறனுங்க."

அவர் உள்ளே போய் ஒரு டம்ளரைக் கொண்டுவந்து வைத்தார். ரோஸ் நிறத்தில் தண்ணீர்.

"உங்க பட்டறைக்குப் பக்கத்துத் தோட்டம், சாமியாத்தா கெணத்துத் தண்ணிங்க. குடிச்சுப்போட்டுச் சொல்லுங்க, நாளைக்கே கெளம்பிர்றேன்."

அவர் மனைவி கனகம் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வீடு தேடி வந்தவனுக்குக் காபி கொடுப்பார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் "வாரேனுங்க" என்று கும்பிட்டுவிட்டுத்தான் எழுந்தேன். கோபத்தில் நான் எதையும் செய்வதில்லை.

மறுநாள் லாரி ஆறுச்சாமி பட்டறைக்கு வந்தார். எங்கள் சரக்கை ஏற்றுகிறவர். அவரிடமும் அதே வார்த்தையைத்தான் சொன்னேன்.

"தம்பிதுரை சாரை அனுப்பி வெச்சுருங்க."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "எங்கீங்க?" என்று கேட்டார்.

நான் சரக்குக் கணக்கு நோட்டைப் பிரித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பொள்ளாச்சி ரோட்டில், ஸ்கூட்டரில் போன தம்பிதுரை மேல் ஆறுச்சாமியின் லாரி ஏறிவிட்டது. சொன்னதை அந்த ஆள் தப்பாக எடுத்துக்கொண்டார். கனகம் அழுததைப் பார்த்து எனக்கும் கண் கலங்கியது. அது நடிப்பில்லை.

மாறுதலுக்கும் லாரிக்காரருக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்கள். நியாயமான கேள்விதான். சென்னையில் வேலை நடக்கவில்லை என்றால் வேறு யாரிடமாவது சொல்லத்தானே வேண்டும்.

நரசிம்மலுவையும் விசாரித்துவிட்டீர்கள் போலிருக்கிறது. ஆமாம், வியாழக்கிழமையே போன் போட்டேன். அது என் வழக்கம்.

"எப்பவும்போல ரோஜா மாலைதானுங்களே?" என்று கேட்டார்.

"இல்லீங்க, இந்தவாட்டி மலர்வளையமாக் கட்டிருங்க" என்றேன்.