முதுகு காட்டாத நாற்காலி

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் துணிக்கடை ஹாஜி கிஃபாயத்துல்லா அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் பள்ளிவாசல் பெரியவர்களே! தொழிற்சங்கத் தோழர்களே! அசாம் ஜாவா ஊரிலிருந்தும், அத்தனை தூரம் தாண்டி ராசா ஊரிலிருந்தும், ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கி நின்று பையையும் சட்டையையும் உதறிக் காட்டிவிட்டு வந்து சேர்ந்திருக்கிற தோட்டத்து மக்களே! கதவோரம் அமர்ந்து நான் பேசுவதைக் குறித்துக்கொண்டிருக்கும் போலீஸ் ஐயா அவர்களே! உங்கள் எல்லாருக்கும் ரெங்கசாமியின் வணக்கம்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் பெரிய கிராணி. மறைந்த நூருல் அமீன் அவர்களின் நண்பன். அவர் செய்த முதல் நாற்காலியில் முதலில் உட்கார்ந்தவன்.

மன்னிக்க வேண்டும், என்னால் ஒரே இடத்தில் நிற்க முடியவில்லை. மைக் இங்கே இருக்கிறது, கால் அங்கே போகிறது. ஊரடங்குச் சங்கு ஊதுவதற்குள் நீங்கள் எல்லாரும் வீடு போய்ச் சேர வேண்டும். அதற்குள் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காலையில் ஒரு செய்தி காதில் விழுந்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்தச் செய்திக்கு வருகிறேன்.

போன வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து வந்து, பட்டறையில் பலகைக்குப் பசை தடவிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். எத்தகைய மனிதர்! எத்தகைய கைகள்! எனக்கு முன் பேசியவர்கள் எல்லாரும் அவரைப் புகழ்ந்தார்கள். வள்ளல் என்றார்கள், மேதை என்றார்கள். "அமீன் நாற்காலியை ஆக்கித் தந்த ஒரே மனிதர்" என்றார்கள். கூட்டத்து நோட்டீஸிலும் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது. இதோ, மேடை நடுவே அந்த நாற்காலி நிற்கிறது. அவருடைய மார்க்கத்தில் படத்துக்கு மாலை போடும் வழக்கம் இல்லை என்று யாரோ சொல்ல, நம் சங்கத்துப் பிள்ளைகள் நாற்காலிக்கு மாலை போட்டுவிட்டார்கள்! ஹாஜியார் முகம் சுளிப்பது தெரிகிறது. பிள்ளைகள் அன்பினால் செய்தது, பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த நாற்காலி எப்படிப் பிறந்தது? சொல்லட்டுமா? அது பயத்தில் பிறந்தது ஐயா! வெறும் பயத்தில்!

கம்யூனிஸ்டுகள் துப்பாக்கியோடு காட்டுக்குள் போய், அவசரகாலம் வந்த புதிதில் பக்கத்துத் தோட்டத்து ஆபீஸ் ஜன்னல் வழியாக ஒரு துப்பாக்கி நீண்டது நினைவிருக்கிறதா? நம் ஆபீஸ்களில் கிராணியின் மேசை எந்தப் பக்கம் பார்த்திருக்கும்? துரையின் அறையைப் பார்த்திருக்கும். ஜன்னலுக்கு முதுகு. அந்தச் செய்தி கேட்டதிலிருந்து என் முதுகு கூசத் தொடங்கியது. ஓர் இலை விழுந்தால் திரும்புவேன். என் பழைய நாற்காலியோ நான் அசைந்தால் கிறீச்சென்று ஊருக்கே சொல்லும். துரை உள்ளேயிருந்து, "என்ன கிராணி, மூட்டைப்பூச்சியா?" என்பார்.

ஓடினேன் அமீன் பாயிடம். "பாய், அந்தப் பக்கமும் பார்க்கணும், இந்தப் பக்கமும் பார்க்கணும். சத்தம் வரக் கூடாது. அப்படி ஒண்ணு செஞ்சு குடுங்க" என்றேன். அவர் சிரித்தார். "மொதல்ல சாயா குடிங்க கிராணி. சுத்துற நாற்காலிதான வேணும்? இன்ஷா அல்லா, பாத்துக்கலாம்லா" என்றார்.

அப்போது துரையின் ஆபீஸில் ஓர் அமெரிக்கப் பத்திரிகை கிடந்தது. அதில் ஒரு நாற்காலிப் படம். மெல்லிய மரத்தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, அச்சில் அழுத்தி, உடம்புக்கு ஏற்றபடி வளைத்துச் செய்தது. அதைச் செய்தவர்கள் ஒரு கணவனும் மனைவியும். துரையிடம் கேட்டு அந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். பாய் அதை வாங்கிப் பார்த்துவிட்டு என்ன செய்தார் தெரியுமா? நேரே திரைச்சீலையை விலக்கி உள்ளே நீட்டினார். "மெகராஜு, இதப் பாரு. புருசனும் பொஞ்சாதியும் சேர்ந்து செஞ்சிருக்காக" என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி மெகராஜ் பேகம் அவர்களின் குரல் வந்தது: "செஞ்சிருக்காக, சரி. இதுல கால எங்கெ மடக்குவாக?"

சிரிக்கிறீர்கள்! சிரியுங்கள், அவரும் சிரித்தார். ஆனால் யோசித்துப் பாருங்கள். நாம் எப்படி உட்காருகிறோம்? துரை இருக்கும்போது காலைத் தொங்கப் போடுகிறோம். துரை வெளியே போனதும் ஒரு கால் தானாக மேலே ஏறி மடங்கிவிடுகிறது. இங்கே இருக்கும் கிராணிமார்கள் நெஞ்சில் கை வைத்து இல்லை என்று சொல்லட்டும்! அந்த அமெரிக்கத் தம்பதிக்கு இது தெரிய நியாயமில்லை.

மெகராஜ் பேகம் பின்கட்டில் களிமண்ணைக் குழைத்து மேடாகக் குவித்தார். அதன்மேல் ஈரச் சாக்கு. வீட்டுக்கு வந்த பெண்களையெல்லாம், "சித்த இதுல உக்காந்துட்டுப் போ புள்ள" என்றார். உறவுக்காரப் பெண்கள், தயிர் கொண்டு வருகிறவர், தோட்டத்திலிருந்து சாமான் வாங்க வந்தவர்கள், எல்லாரும் உட்கார்ந்தார்கள். மெகராஜ் ராத்தாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று ஊரில் பேச்சு! பதிந்த பள்ளத்தைக் கையால் தடவித் தடவி அகலம் பார்த்தார், சரிவு பார்த்தார். அந்தப் பள்ளத்தைப் பார்த்துத்தான் பாய் மர அச்சைச் செதுக்கினார். துரை நாற்காலி மாதிரி இரண்டு பக்கமும் கை வைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. கை வைத்தால் காலை எப்படி மடக்குவது என்று அம்மையார் விடவில்லை. ஒரு வாரம் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை என்று பாயே என்னிடம் சொன்னார். கடைசியில் கை வைக்காமலே நாற்காலி வந்தது.

தேயிலைப் பெட்டியைப் பிரித்து எடுத்த பலகைத் தகடு. பழைய ராணுவ லோரியிலிருந்து கழற்றிய பேரிங். முதுகும் இருக்கையும் இரும்பைத் தொடும் இடத்தில் நம் தோட்டத்து ரப்பர், சத்தம் போடாமல் இருக்க. மேலே இலவம்பஞ்சு மெத்தை. நாற்காலியா அது! உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது.

அந்த மெத்தைதான் வம்பாகப் போனது. உங்களுக்குத் தெரியும், ஒரு பிடி அரிசியைச் சாவடி தாண்டிக் கொண்டுபோனால் என்ன கதி என்று. ராசா பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு லோரியில் நாற்காலிகள் ஏற்றிக்கொண்டு பாயும் நானும் போகிறோம். சாவடியில் சோல்ஜர்கள் மெத்தையை அமுக்கிப் பார்த்தார்கள். காட்டில் இருப்பவர்களுக்கு அரிசி கடத்துகிறாயா என்று எங்கள் இருவரையும் வெயிலில் மண்டியிட வைத்தார்கள். கத்தியால் மெத்தையைக் கிழித்தார்கள். பஞ்சு பறக்கிறது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். பாய் மட்டும் மண்டியிட்டபடியே, "சார், உக்காந்து பாருங்க சார்" என்கிறார். மறுபடியும், "உக்காந்து பாருங்க சார்!" என்கிறார். அந்த வெள்ளைக்கார சார்ஜன்ட் என்ன நினைத்தானோ, பஞ்சு போன வெறும் பலகையில் உட்கார்ந்தான். ஒரு சுற்றுச் சுற்றினான். இன்னொரு சுற்று! சிரித்துவிட்டுப் போகச் சொன்னான்.

திரும்பி வந்து கிழிந்த மெத்தைகளை இறக்கினோம். மெகராஜ் பேகம் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "வெறும் பலகையிலயே அவன் சிரிச்சான்னா மெத்தை எதுக்கு? பலகைய இன்னுங் கொஞ்சம் வளைங்க" என்றார். அத்தோடு மெத்தை போயிற்று. இன்று கோலாலம்பூர் கடைக்காரர்கள், "ஆகா, என்ன நவீனம், மெத்தையே இல்லாத நாற்காலி!" என்று வியக்கிறார்களே, அந்த நவீனம் வந்த வழி இதுதான்.

இதற்கெல்லாம் முன்னால், முதல் நாற்காலி என் ஆபீஸுக்கு வந்த அன்று, ரப்பர் மரத்தில் பால் வெட்டும் காளியம்மா ஜன்னலுக்கு வந்தார். ஏதோ ஆஸ்பத்திரிச் சீட்டு விஷயம். பழக்கதோஷத்தில் முதுகைக் காட்டிக்கொண்டே, "என்ன?" என்றேன். பிறகுதான் நினைவு வந்து காலால் ஓர் உந்து உந்தினேன். நாற்காலி சத்தமில்லாமல் திரும்பியது. காளியம்மா என்னையே பார்த்தார். "கிராணி, ஒங்க மொகத்த இன்னைக்குத்தான் நேராப் பாக்கறேன். இத்தன வருசமா முதுகுகிட்டதான பேசிக்கிட்டிருந்தேன்" என்றார். காளியம்மா இங்கே வந்திருக்கிறார், கேட்டுப் பாருங்கள். நான் பயத்துக்காக வாங்கிய நாற்காலி ஐயா அது! அதை இந்த ஒரு வார்த்தை மாற்றிவிட்டது. இதைப் போய் பாயிடம் சொன்னபோது அவர் திரைப் பக்கம் திரும்பி, "கேட்டியா மெகராஜு?" என்றார். பெருமையை வாங்கித் தன் பையில் போட்டுக்கொள்ளாத மனிதர் அவர்!

இப்போது காலையில் கேட்ட செய்திக்கு வருகிறேன். நாளைக்குக் கோலாலம்பூரிலிருந்து ஒரு சீன முதலாளி, பெரிய தவுக்கே, வருகிறாராம். பட்டறையைப் பூட்டி, நாற்காலி அச்சை அவருக்கு விற்றுவிடுவதாகப் பேச்சாம். தவுக்கே தன் பெயரைப் போட்டு நாற்காலி செய்வாராம். ஹாஜியார் அவர்களே, நீங்கள் மறைந்தவரின் மூத்த சகோதரர். தம்பி போன துக்கத்தில், ஒரு பெண்பிள்ளை இந்தக் காலத்தில் பட்டறையை எப்படிக் கட்டி மேய்ப்பாள் என்ற கவலையில்தான் இதைச் செய்கிறீர்கள். உங்கள் மனசு எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்கிறேன். மௌத்தானவரின் சொத்தைப் பங்கு போடலாம். உயிரோடு இருப்பவரின் கைவேலையை யார் பங்கு போட முடியும்? அமெரிக்கப் பத்திரிகையில் இருவர் படமும் இருந்ததே! நம் நோட்டீஸில் ஏன் ஒருவர் பெயர் மட்டும் இருக்கிறது?

அவர் எங்கே என்று கேட்கிறீர்களா? இத்தாவில் இருக்கிறார். கணவனை இழந்தவர் அந்தக் காலம் முடியும்வரை வீட்டைவிட்டு வெளியே வரக் கூடாது. இதோ எதிர்ச் சாரியில், பட்டறைக்கு மேல்மாடியில், சாத்தியிருக்கும் அந்தப் பலகணிக்குப் பின்னால்தான் இருக்கிறார். அதனால்தான் ஒலிபெருக்கியைத் தெருப்பக்கம் திருப்பிக் கட்டச் சொன்னேன். ஆமாம், நான்தான் சொன்னேன்! அவர் வந்து வாதாட முடியாத நேரம் பார்த்து அச்சு வாசல் தாண்டலாமா? மெகராஜ் பேகம் அவர்களே! நாற்காலியை ஆக்கியவர்களில் ஒருவருக்குத்தான் நாங்கள் இங்கே இரங்கல் சொல்கிறோம். இன்னொருவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விட்டுவிட்டோம். இப்போது கேட்கிறோம். உங்கள் விருப்பம் என்ன?

சற்றுப் பொறுங்கள். வாசலில் யார்? சபுராவா? அம்மையாரின் தங்கை வந்திருக்கிறார், வழிவிடுங்கள். போலீஸ் ஐயா, கொஞ்சம் நகருங்கள். சொல்லுங்கம்மா. என்ன சொன்னார்கள்? மைக்குக்கு வர வேண்டாம், என்னிடம் சொல்லுங்கள், நான் சொல்கிறேன்.

பெரியோர்களே! அவர் சொல்லி அனுப்பியதை ஒரு வார்த்தை மாற்றாமல் சொல்கிறேன். "ஹாஜி மச்சானுக்கு சலாம் சொல்லு. அச்சு விக்கிறதுக்கு இல்ல. தோட்டத்துப் பள்ளிக்கூடப் புள்ளைவொளுக்குச் சின்ன நாற்காலி செய்யணும்னு அவகளும் நானும் பேசி வச்சிருக்கோம், அதுக்கு அந்த அச்சு வேணும். அப்புறம், அந்த மாலைய எடுத்துட்டு யாரையாச்சும் உக்காரச் சொல்லு. மௌத்தாப் போனது அவகதான், நாற்காலி இல்ல."

ஹாஜியார் எழுந்திருக்கிறார். உட்காருங்கள் ஐயா, கோபப்பட வேண்டாம்... இல்லை, கோபம் இல்லை. ஹாஜியார் தம் கையாலேயே மாலையை எடுக்கிறார். என்ன சொல்கிறீர்கள் ஐயா? உரக்கச் சொல்லுங்கள். "தவுக்கேயத் திருப்பி அனுப்பிடுவோம்" என்கிறார்! கேட்டுக்கொள்ளுங்கள் மக்களே! போலீஸ் ஐயா, இதையும் எழுதிக்கொள்ளுங்கள்!

இந்த மேடையில் நின்று நாம் ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். அந்தப் பட்டறைக் கதவு நாளைக் காலையில் திறக்கும். தோட்டத்துக்கு ஒருவராக நாம் போவோம். பலகை இறக்குவோம், பசை காய்ச்சுவோம். அவர் மாடியிலிருந்து சொல்லட்டும், நாம் கீழே செய்வோம். இத்தா முடிந்து அவர் இறங்கி வரும்போது சின்ன நாற்காலிகள் வரிசையாக நிற்க வேண்டும். ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டு பெயர் இருக்க வேண்டும். சம்மதமா? தெருவுக்குக் கேட்கும்படி சொல்லுங்கள். சம்மதமா?

சங்கு ஊதும் நேரம் வந்துவிட்டது. ஒரு வேலை பாக்கி. காளியம்மா, மேலே வாங்க. நீங்கதான், வேறு யாரு? மேடையில் கிராணி இருக்கிறார், ஹாஜியார் இருக்கிறார் என்று தயங்க வேண்டாம். உட்காருங்க. "செருப்பு சேறா இருக்குங்க கிராணி" என்கிறார்! இருக்கட்டும், அப்படியே உட்காருங்க. அந்த மாடியைப் பார்த்துத் திரும்புங்க. நல்லா உந்துங்க.

மெகராஜ் பேகம் அவர்களே! உங்கள் நாற்காலி சத்தம் போடாது. திரும்பியது உங்களுக்குக் கேட்டிருக்காது. ஆகவே நான் சொல்கிறேன். காளியம்மா உங்கள் பக்கம் முகம் காட்டி உட்கார்ந்திருக்கிறார். காலை மடக்கித்தான் உட்கார்ந்திருக்கிறார்.