வேற யாரு?

அன்று அடுப்பில் இருந்தது பாலா, வெந்நீரா என்பதில் எனக்கு இப்போது கொஞ்சம் சந்தேகம் இருக்கிறது. பால் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் என் நினைவை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே காட்சியைப் பல விதமாக அடுக்கிப் பார்ப்பது என் பிழைப்பு. ஒரு விதம் நன்றாக அமைந்துவிட்டால் மற்றவை எல்லாம் நடக்காதவை ஆகிவிடும். உண்மையில் நடந்ததும் சில சமயம் அந்தக் கும்பலோடு போய்விடும்.

ரெக்கார்டர் ஓடட்டும், எனக்குக் கூச்சமில்லை. அடியில் ஒரு துணியை மடித்து வைத்தால் நல்லது. நீங்கள் பேனாவால் மேசையைத் தட்டுவது அதில் விழாது. நன்றி.

ஒரு நூலில் யாருடைய பங்கு எவ்வளவு என்று பல்கலைக்கழகத்துக்கு அளந்து சொல்வது உங்கள் வேலை. எங்கள் வீட்டில் உங்களுக்குத் தராசு என்று பெயர். கோபித்துக்கொள்ளாதீர்கள், வைத்தது அத்தான். உங்களை மதித்த காலத்தில் வைத்தது. அத்தான் என்றால் என் அக்காவின் கணவர், 'பெயரும் கையும்' என்ற நூலை எழுதிய பேராசிரியர். எழுதிய என்று நான் சொன்னதும் உங்கள் புருவம் ஏறுகிறது. அதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

பெயர் தெரியாதவர்கள் கட்டிய பழைய பாட்டுகளைப் பற்றிய நூல் அது. ஒரு பாட்டு எத்தனை கை மாறி வந்தது, யாரை ஆசிரியர் என்பது, அப்படிச் சொல்லத்தான் வேண்டுமா என்றெல்லாம் அதில் கேட்டிருப்பார். தலைப்பை முதலில் 'பெயர், கை' என்றுதான் வைத்திருந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான்தான், "என்ன அத்தான், ஆஸ்பத்திரிச் சீட்டு மாதிரி இருக்கு. ரெண்டு பக்கமும் ஒரு 'உம்' போடுங்களேன்" என்றேன். போட்டார். நூல் வந்தது, பேசப்பட்டது. முன்னுரையில் எல்லோருக்கும் நன்றி சொல்லியிருந்தார். கடைசி வரி இது: 'எழுதும் அறையின் மின்விசிறியைச் சரிசெய்து கொடுத்த என் மைத்துனருக்கும்.'

மின்விசிறியைச் சரிசெய்தது உண்மைதான். 'மைத்துனருக்கும்' என்பதில் ஒரு 'உம்' இருப்பதையும் கவனித்தேன். அது என்னைப் பாதிக்கவில்லை. வரிசையாகச் சொல்லி வருவதால் சொல்கிறேன்.

பிறகு அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்க ஒரு பெண் இயக்குநர் வந்தார். படத்தொகுப்புக்கு ஆள் தேடினார்கள். அத்தானே என்னைச் சொன்னார். "வீட்லயே ஆள் இருக்கு. நல்லா வெட்டுவான்" என்று சிரித்தார்.

படப்பிடிப்பு அவர் வீட்டுக் கூடத்தில் நடந்தது. கடைசிக் கேள்வியை இயக்குநர் விளையாட்டாகத்தான் கேட்டார்.

"எல்லாப் பாட்டையும் யார் எழுதினாங்கன்னு கேட்டீங்க. இந்தப் புத்தகத்தை யார் சார் எழுதினது?"

அத்தான் ஒரு கணமும் எடுத்துக்கொள்ளவில்லை. "நான்தாம்மா, வேற யாரு?" என்றார். கேமராக்காரர்கூடச் சிரித்துவிட்டார்.

அதன்பின் ஒலிப்பதிவாளர், "எல்லாரும் கொஞ்ச நேரம் அப்படியே சும்மா இருங்க" என்றார். உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். எந்த அறையில் பேச்சைப் பதிவு செய்தாலும், யாரும் பேசாத அந்த அறையின் சத்தத்தையும் தனியாகப் பதிவு செய்வோம். ரூம் டோன் என்போம். வெறும் அறைக்கும் ஒரு குரல் உண்டு. வெட்டிய இடங்களை ஒட்ட அதுதான் பசை. எனக்குப் பேச்சைவிட அது பிடிக்கும். வீட்டில் தனியாக இருக்கும்போதும் போட்டுக் கேட்பேன்.

அந்த நேரத்தில் கேமராவையும் யாரோ அணைக்க மறந்துவிட்டார்கள். அத்தான் நாற்காலியில் அசையாமல் இருக்கிறார். கண்கள் மட்டும் சமையலறைப் பக்கம் போகின்றன, மடிக்குத் திரும்புகின்றன, மறுபடி போகின்றன. எச்சில் விழுங்குகிறார். அக்கா மொட்டை மாடிக்குப் போகும்போது, "பாலை வச்சிருக்கேன், பாத்துக்கோங்க, போன தடவை மாதிரி ஆக்கிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். மனிதர் எழுந்து போக முடியாமல் தவிக்கிறார். எத்தனையோ படங்களில் நடிகர்களைப் பார்த்திருக்கிறேன். பிடிபட்ட ஒருவனின் முகத்தை அவ்வளவு சுத்தமாக யாரும் காட்டியதில்லை.

நான் அந்த மௌனத்தை எடுத்துக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் வைத்தேன். பதினொரு நொடி. கேமராக்காரரின் சிரிப்பை எடுத்துவிட்டேன். அத்தானின் சொல் ஒன்றைக்கூடத் தொடவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். உடனே சொன்னால் 'வேற யாரு?' என்பது ஒரு ஜோக். பதினொரு நொடி கழித்துச் சொன்னால் அது கேள்வி. பார்ப்பவர்கள் பதில் தேடத் தொடங்கிவிடுவார்கள். அவர்களுக்கு உதவியாக அடுத்த காட்சியில் அக்காவை வைத்தேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேகமாகத் தட்டிக்கொண்டிருக்கிறாள். அவள் தட்டியது அடுக்ககத்தின் லிஃப்டில் ஒட்டுவதற்கான அறிவிப்பு. தண்ணீர்த் தொட்டி கழுவுவது பற்றியது.

முதல் பிரதியை இயக்குநருக்குப் போட்டுக் காட்டினேன். அந்த இடம் வந்தபோது முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"இது நான் எடுத்ததா?"

"நீங்க எடுத்ததுதான்."

"எவ்வளவு பொறுமையா காத்திருந்திருக்கேன் பாருங்க."

"ஆமா மேடம்" என்றேன். அவர் எடுத்ததுதானே? கேமரா அவருடையது, அத்தான் அவருக்கு எதிரே இருந்தார். நான் யாரிடமும் பொய் சொன்னதில்லை.

படம் வெளியானதும் என்ன நடந்தது என்பது உங்களுக்கே தெரியும். மனைவி எழுதியதைக் கணவர் தன் பெயரில் போட்டுக்கொண்டார் என்றார்கள். வேறு வீடுகளில் இது நடக்காததா என்ன? அதனால்தான் எல்லோரும் சட்டென்று நம்பினார்கள். அந்தப் பெண்களுக்கெல்லாம் நான் ஒருவகையில் நல்லதுதான் செய்தேன் என்று சில சமயம் தோன்றும்.

பல்கலைக்கழகம் உங்களை அனுப்பியது. அப்போதுதான் உங்கள் அளவு முறையைத் தெரிந்துகொண்டேன். பெரிய சொற்களைப் பார்க்கக் கூடாது, அவற்றை யாரும் யாரிடமிருந்தும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால், எனினும், அதனால் போன்ற சின்னச் சொற்கள்தான் கைரேகை என்றீர்கள். அழகான யோசனை. நூலில் எங்கு பார்த்தாலும் 'எனினும்'. 'ஆனால்' தேடினாலும் கிடைக்கவில்லை. அத்தானின் மற்றக் கட்டுரைகளையும் அக்காவே டைப் செய்ததால் அவற்றை ஒதுக்கினீர்கள். அக்காவின் கை படாத அத்தான் வேண்டும் உங்களுக்கு. படத்தின் பின்னணி உரையை எடுத்துக்கொண்டீர்கள். 'நான் இந்தத் தெருவுக்குக் குடிவந்தபோது' என்று தொடங்கி அத்தானே தன் குரலில் வாசிப்பது. அதில் முழுக்க 'ஆனால்'.

என்னிடம் ஒரே கேள்வி கேட்டீர்கள், நினைவிருக்கிறதா? "படத்துல பேசறது அவர்தானே?" ஆமாம், அவர் குரல்தான் என்றேன். அந்த உரையை எழுதியது யார் என்று நீங்கள் கேட்கவில்லை. நான்தான் எழுதினேன், வேறு யார்? அத்தான் நல்ல பிள்ளையாக வாசித்துக் கொடுத்தார். ஆகவே, படத்தில் பேசுகிறவரும் நூலை எழுதியவரும் ஒருவர் அல்லர் என்று நீங்கள் கண்டுபிடித்தது மிகச் சரி. உங்கள் தராசில் கோளாறு இல்லை. தட்டில் இருந்தது நான்.

அக்கா எழுதியதற்கு மாதிரியாக லிஃப்டில் ஒட்டிய அறிவிப்புகளைப் பிரித்துக்கொண்டு போனீர்கள். 'தொட்டி காலையில் கழுவப்படும். எனினும், சமையலறைக் குழாயில் தண்ணீர் வரும்.' நூலோடு அச்சாகப் பொருந்தியது. கல்யாணத்துக்கு முன் அக்கா வாயிலும் எழுத்திலும் 'ஆனா' தவிர வேறு எதுவும் வந்ததில்லை. அத்தானின் பக்கங்களைத் திரும்பத் திரும்பத் தட்டித் தட்டித்தான் 'எனினும்' அவளுக்கு ஒட்டிக்கொண்டது. கூடவே வாழ்ந்தால் நடையும் தொற்றும்தானே. இதை அறிந்தவர்கள் மூன்று பேர். அவர்களில் இரண்டு பேர் சொன்னதை நீங்கள் நம்பவில்லை.

அக்கா என்னிடம் வந்தாள். நான் வேலை செய்யும் அறை வாசலிலேயே நின்றாள்.

"டேய், நான் சொன்னா, புருஷனைக் காப்பாத்தப் பொய் சொல்றேங்கிறாங்க. அவர் சொன்னா திருடன்ங்கிறாங்க. நீ கூடவே இருந்தவன். நீயாவது வாயைத் திறந்து சொல்லேண்டா."

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டாள். எத்தனை நொடி என்று அப்போது பார்க்கத் தோன்றவில்லை. இப்போது வருத்தமாக இருக்கிறது.

அத்தான் கேட்டதுதான் வேறு மாதிரி. அவர் அந்தப் படத்தைப் பலமுறை போட்டுப் பார்த்திருக்கிறார். ஒருநாள் என்னை பால்கனிக்குக் கூப்பிட்டார்.

"மாப்ள, அந்த இடத்துல நான் ஏன் அவ்வளவு நேரம் பேசாம இருந்தேன்?"

"ஞாபகம் இல்லையா அத்தான்?"

"டக்குனு சொன்ன மாதிரிதான் ஞாபகம். ஆனா கண்ணு முன்னாடி தெரியுதே."

"யோசிக்கிறது தப்பில்ல அத்தான்."

"நான்தான் எழுதினேன்னா அதுல யோசிக்க என்ன இருக்கு?"

அவர் பேச்சில் 'எனினும்' போய் 'ஆனா' வந்துவிட்டதை மட்டும் கவனித்தேன். அப்போது அவர் இரண்டாவது நூலைப் பாதி எழுதியிருந்தார். பிறகு ஒவ்வொரு வாக்கியம் எழுதியதும் அக்காவிடம் கொண்டுபோய், "இது உன்னுதா, என்னுதா?" என்று கேட்க ஆரம்பித்தார். முதலில் அவள் சிரித்தாள். பிறகு கத்தினாள். ஒருநாள், "அந்தப் புத்தகத்தையும் நீதான் எழுதியிருப்ப. எனக்குத்தான் மறந்துபோச்சு" என்றார். கிண்டல் இல்லாமல் சொன்னார். அன்றுதான் அவள் பெட்டியை எடுத்தாள்.

இதை எல்லாம் ஏன் இப்போது சொல்கிறேன் என்று கேட்பீர்கள். அத்தானுக்காகத்தான். மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதல்லவா.

போன மாதம் சினிமா ஆய்வாளர் ஒருவர் கட்டுரை வெளியிட்டிருக்கிறார், நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆவணப்படத்தில் ஆசிரியர் யார் என்று எப்படி அளப்பது என்பதுதான் பொருள். நம் இயக்குநரின் எல்லாப் படங்களையும் நொடி நொடியாக அளந்திருக்கிறார். அந்தப் பதினொரு நொடிதான் அவருடைய கையெழுத்தாம். காத்திருக்கத் தெரிந்த கலைஞராம். அதற்காக ஒரு விருதும் கொடுத்தார்கள். மேடையில் அந்தம்மா, "அந்த மௌனத்தை நான் கேட்டு வாங்கல, காத்திருந்து வாங்கினேன்" என்கிறார். அரங்கமே எழுந்து நின்றது. நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என் பெயர் படத்தின் கடைசியில், எல்லோரும் செருப்பைத் தேடும் நேரத்தில், வாடகை விளக்குக் கம்பெனிக்கு மேலே வரும்.

வீட்டுக்குப் போனால் சாப்பாடு இறங்கவில்லை. அத்தானை நினைத்துத்தான்.

அவரை நேற்றுப் பார்த்துவிட்டு வந்தேன். அதே வீட்டில் தனியாக இருக்கிறார். இரண்டாவது நூல் நின்றுபோனது. அக்கா பக்கத்துத் தெருவில் ஓர் அறை எடுத்திருக்கிறாள். புதுப்பதிப்பின் அட்டையில் அவள் பெயர் முதலில் இருக்கிறது, அவள் ஒரு பிரதிகூட வாங்கிக்கொள்ளவில்லை, என்னோடு பேசுவதும் இல்லை. இயக்குநர் அடுத்த படம் எடுக்கிறார், வேறு படத்தொகுப்பாளரை வைத்து. உங்களுக்குப் பதவி உயர்வு வந்ததாகக் கேள்விப்பட்டேன், சந்தோஷம்.

"டீ போடட்டுமா அத்தான்?" என்று கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. கண்கள் சமையலறைப் பக்கம் போயின, மடிக்குத் திரும்பின, மறுபடி போயின. எச்சில் விழுங்கினார். பிறகு, "போடு" என்றார். இப்போது எதைக் கேட்டாலும் அப்படித்தானாம், பால்காரர் சொன்னார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று. ஒரு நொடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வெட்டும்போது நான் எங்கே வெட்டினேனோ, சரியாக அங்கே பேசுகிறார்.

அந்தக் கட்டுரைக்காரர் இதைப் பார்த்திருந்தால் அதை அந்தம்மாவின் கையெழுத்து என்று எழுதியிருக்க மாட்டார்.

அவ்வளவுதான். எனக்குப் பெயர் ஆசையெல்லாம் கிடையாது, நீங்கள் விசாரித்துப் பார்க்கலாம். கையெழுத்து எங்கே போட வேண்டும்? இங்கேயா? ஒரு சின்னத் திருத்தம் மட்டும். என் பெயருக்குப் பக்கத்தில் 'தொகுப்பு' என்று அடித்திருக்கிறீர்கள். அதை எடுத்துவிட்டு 'ஆக்கம்' என்று போடுங்கள்.