ஒரே வயரில் இரண்டு பேர்

— கையை எடுங்க மச்சான். அது கம்ப்யூட்டர் பெட்டி.

— அந்தப் பெட்டியிலதானே என் போனையும் கொண்டாந்து கட்டிப் போட்டீங்க மாப்ளை? எல்லாத்துக்கும் ஒரே வயர் போதும்னு ஊரைக் கூட்டிச் சொன்னீங்களே. இப்ப கட்டிடம் முழுக்க போனும் செத்துச்சு, கம்ப்யூட்டரும் செத்துச்சு.

— உங்க ஆளுங்க மாட்டின போன்தான் சாகடிச்சிருக்கும்.

— என் பழைய போன் இடி விழுந்தாலும் மணி அடிக்கும். சுடுகாட்டுல வெச்சா நாலு பேர் எழுந்து வந்து எடுப்பாங்க. உங்க கைக்கு வந்ததும் தும்மறதுக்கே அனுமதி கேக்குது.

— இந்த வாய்க்குத்தான் உங்க தங்கச்சியே உங்களோட பேசறதில்ல.

— பேசவிடாம வெச்சிருக்கறது யாரு?

— ரெண்டு பேரும் நிறுத்துங்க.

— டைரக்டர் மேடம்... நீங்க எதுக்கு இத்தனை படி இறங்கி?

— போன் வேலை செஞ்சா நான் ஏன் இறங்கறேன்? போன், கம்ப்யூட்டர் ரெண்டு பிரிவும் ஒண்ணாயிடுச்சு, ஒரு தலைவர் போதும். இது யார் தப்போ, அவர் இன்னைக்கே வீட்டுக்குப் போகலாம்.

— அப்ப மச்சான் பையைத் தூக்கிக்கலாம் மேடம்.

— பேச்சுல ஒண்ணும் குறைச்சல் இல்ல. ஒவ்வொரு வயரா உருவுங்க மாப்ளை.

— உருவிட்டுத்தான் இருக்கேன். இது இல்ல. இதுவும் இல்ல... ஆங், இதுதான். பெட்டியில பேய் பிடிச்ச மாதிரி மினுக்கின எல்லா விளக்கும் அடங்கிருச்சு பாருங்க. எந்த மகராசனோ மேசை போனோட ரெண்டு வயரையும் சுவத்துலயே செருகியிருக்கான்.

— செருகினா என்ன?

— ஒண்ணு சுவருக்கு மேடம், இன்னொண்ணு கம்ப்யூட்டருக்கு. ரெண்டும் சுவருக்கே போனா, அனுப்பினதே திரும்பி வந்து செக்குமாடு மாதிரி சுத்தும். வேற யாருக்கும் வழி கிடைக்காது.

— எந்த ரூம் மாப்ளை?

— உங்க ரூம்னு சொல்லத்தான் ஆசை. வயர்ல ஒட்டின சீட்டு மூணாம் மாடி, மூலை ரூம்னு சொல்லுது.

— மூலையா? இன்னொரு தரம் பாருங்க.

— பாத்துட்டேன் மச்சான்.

— அது டைரக்டர் ரூம், என் ரூம். காலையில ஒரு வயர் அசிங்கமாத் தொங்கிட்டிருந்துச்சு, நான்தான் சுவத்துல செருகினேன். ஏன் முழிக்கிறீங்க? அதைத் தொங்க விட்டது யாரு? போனை மாட்டினவரா, என் கம்ப்யூட்டரை ரிப்பேருக்குக் கழட்டிட்டுப் போனவரா?

— எலி மேடம். மாப்ளையையே கேளுங்க.

— எலியா?

— பூனை சைஸ் எலி மேடம். மச்சானும் நானும் சேர்ந்துதானே துரத்தினோம்.