ஒன்பதாம் கட்டுரையை அடித்துவிடுங்கள்

அருங்காட்சியகத்தின் ஆணிவேராய் அமர்ந்து அவையை வழிநடத்தும் தலைவர் அவர்களே! நரையிலும் அறிவிலும் என்னை விஞ்சி நிற்கும் பெரியோர்களே! எலும்பைத் தொட்ட கையைக் கழுவினாயா என்று இன்றும் என்னைக் கேட்கும் தாய்மார்களே! அளந்து அளந்தே தேய்ந்த என் ஆய்வுக்கூடத் தோழர்களே! அனைவருக்கும் வணக்கம்.

உங்கள் கையில் ஒரு தாள் இருக்கிறது. தொல்லுயிரும் தொல்மனிதரும் பற்றி நான் எழுதிய நாற்பத்தொரு கட்டுரைகளின் பட்டியல். அதைப் பாராட்டத்தான் இந்த விழா. ஆனால் பேனாவை எடுங்கள். ஒன்பதாம் கட்டுரையை அடித்துவிடுங்கள்!

என்ன சலசலப்பு? வேடிக்கையில்லை அம்மா, நிஜமாகவே அடியுங்கள்.

எனக்குப் பெயர் தந்தது எது? ஒன்பது! பதவி தந்தது எது? ஒன்பது! குகையில் கிடைத்த ஒரு கீழ்த்தாடையை அளந்தேன். அளவு சிறியது, பல்லும் சிறியது. ஆகவே இது புதியதொரு குள்ள மனித இனம் என்று முழங்கினேன். பன்னிரண்டு ஆண்டுகள் அந்த முழக்கத்தில் வாழ்ந்தேன்.

போன மாதம் இதே மண்டபச் சுவரில் என் கட்டுரைகளை ஒட்டினார் ஒருவர். எங்கள் கூடத்தில் எலும்புகளுக்கு அச்சு எடுத்து நகல் வார்ப்பவர். அச்சண்ணன் என்போம். அசலும் நகலும் ஒரே நிறத்தில் இருக்கும் என்பதால், ஒவ்வொரு நகலின் அடியிலும் ஊசிமுனையளவு துளை போடுவது அவர் வழக்கம். ஒன்பதாம் கட்டுரையின் படத்துக்கு முன் நின்றவர், என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், தாடைக்கு அடியில ஒரு ஓட்டை இருக்கே, இதைப் பத்தி என்ன எழுதியிருக்கீங்க?"

"அதுவா அண்ணே, அந்தக் காலத்துல ஏதோ புழு அரிச்சிருக்கு. அரைப் பக்கம் எழுதியிருக்கேன்."

"மேடம்... அந்தப் புழு நான்தான்."

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. அசலை அலமாரியில் வைத்துவிட்டு நகலையல்லவா அளந்திருக்கிறேன்! வார்ப்பு காயும்போது சுருங்கும். ஐந்து மில்லிமீட்டர் சுருக்கத்தில் ஓர் இனத்தையே படைத்துவிட்டேன்!

வீட்டுக்குப் போய்த் தங்கையிடம் சொன்னேன். அதோ, மூன்றாம் வரிசையில் முகத்தை மூடிக்கொள்கிறாளே, அவள்தான். "அக்கா, உனக்கும் அவருக்கும்தானே தெரியும்? பேசாம இரு," என்றாள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அதுதான் ஆசை. மறுநாள் அச்சண்ணனிடம் போய் நின்றேன். நான் வாய் திறப்பதற்குள் அவரே சொன்னார்.

"நான் யாருக்கும் சொல்லமாட்டேன் மேடம். ஆனா நாளைக்கு அந்தத் தாடையை அளக்க ஒருத்தர் வந்தா, நான் எதை எடுத்துக் குடுக்கட்டும்?"

எதை எடுத்துக் கொடுப்பார் அவையோரே? நகலைக் கொடுத்தால் அவர் பொய்யர். அசலைக் கொடுத்தால் நான் பொய்க்காரி. என் புகழைக் காக்க அவர் கை ஏன் கறைபட வேண்டும்?

இருவரும் அசலை எடுத்து அளந்தோம். குள்ளமும் இல்லை, புதுமையும் இல்லை. முன்பே நாமறிந்த இனத்தில் ஒருவர். தலைவரிடம் போனேன். விழா நின்றுவிடும் என்று நடுங்கினேன். "பட்டியலை அச்சடிச்சாச்சேம்மா! சரி, மேடையிலேயே திருத்திடு," என்றார். கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழுக்கும் எழுதினேன், இனி என் எந்தக் கட்டுரையையும் தொடமாட்டார்கள் என்றிருந்தேன். சென்ற வாரம் பதில் வந்தது. இரண்டே வரி. நன்றி சொல்லி, திருத்தத்தை வெளியிடுகிறோம் என்றிருந்தார்கள். அப்பாடா! பன்னிரண்டு வருடமாகச் சுமப்பதே தெரியாமல் சுமந்ததை இறக்கி வைத்தேன். அன்று உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டேன்.

ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. கட்டுரை வந்த அன்றே ஒரு பிரதியை அச்சண்ணனிடம் நீட்டியிருந்தால், அன்றே சொல்லியிருப்பாரே! ஊருக்கெல்லாம் அனுப்பினேன், அடுத்த அறைக்கு அனுப்பவில்லை.

அடித்துவிட்டீர்களா? இப்போது பட்டியலின் கடைசியில் உங்கள் கையாலேயே ஒன்று எழுதுங்கள். நாற்பத்திரண்டு: தாடை பற்றிய திருத்தம். எழுதியவர்கள் இருவர். முதற்பெயர் அவருடையது, இரண்டாம் பெயர் என்னுடையது.

அச்சண்ணே, கதவோரம் நின்றது போதும், மேலே வாங்க. இந்த நாற்காலி உங்களுடையது.

பொறுமையாய்க் கேட்ட அவைக்கும், பொறுத்துக்கொண்ட தலைவருக்கும், எதையும் அடிப்பக்கம் திருப்பிப் பார்க்கக் கற்றுக்கொண்ட இந்தக் கைகளைக் கூப்பி, நன்றியும் வணக்கமும்.