குவாரி மேட்டில் மூன்றேகால்

மத்தியானம் மூன்றேகால் மணி. மூடிப்போன கல் குவாரிக்கு ஏறுகிற ரோடு. இரண்டு பக்கமும் வெட்டிப் போட்ட பாறை. நடுவில் தார் இளகிப் பளபளக்கிற ஒற்றைப் பாதை. ஒரு மரம் கிடையாது... ஒரு காக்கை கிடையாது.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று உங்களுக்கெல்லாம் ஒரு தைரியம் இருக்கிறது. இது பட்டப்பகலில் நடந்தது. என் சிநேகிதனுடைய சின்ன மாமனாருக்கு நடந்தது. சிநேகிதன் கதை கட்டுகிற ஆள் இல்லை. இதைச் சொல்லும்போது தண்ணீர் குடித்தான். தம்ளர் அவன் பல்லில் டக்டக்கென்று இடித்துக்கொண்டே இருந்தது.

அந்தச் சின்ன மாமனார் பழைய கார் மெக்கானிக். புது வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். நாற்பது ஐம்பது வருஷத்து வண்டியை ஆசைக்காக வைத்திருப்பவர்கள் அவரைத் தேடி வருவார்கள். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடுகிற இஞ்சினில் வைப்பார். பிடியைக் காதில் வைப்பார். கண்ணை மூடிக்கொள்வார். "ரெண்டாவது வால்வு," என்பார். பிரித்தால் இரண்டாவது வால்வுதான். அதனால் அவருக்குக் காதுக்காரர் என்றே பேர் நிலைத்துவிட்டது.

காதுக்காரருக்கு ஒரே அண்ணன். என் சிநேகிதனுக்குப் பெண் கொடுத்தவர். நில அளவை ஆபீசில் இருந்து ஓய்வு பெற்ற மனுஷன். அவருக்கு ஒரு பழைய இரண்டு கதவுக் கார் மேல் பைத்தியம். பாலாடை நிறம், சிவப்பு சீட்டு. கோழி அடைந்து கிடந்த ஒரு கொட்டகையிலிருந்து அதைக் கயிறு கட்டி இழுத்து வந்தவர் அண்ணன். அதற்கு உயிர் கொடுத்தவர் தம்பி. ஆறு வருஷம்... ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறவில்லை. தகரம் தட்டி, இஞ்சினை ஆணி ஆணியாகப் பிரித்து, கிடைக்காத சாமானைக் கடைசல் பட்டறையில் செய்து மாட்டி, அந்த வண்டியைத் தன் பிள்ளை மாதிரி வளர்த்தார்.

பழைய கார் கண்காட்சியில் அதற்கு முதல் பரிசு. அண்ணன் மேடையேறிக் கோப்பையை வாங்கினார். மைக்கில் சொன்னார்: "என் தம்பியும் கொஞ்சம் கூடமாட இருந்தான்."

கூடமாட. அந்த ஒரு வார்த்தை காதுக்காரரின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. எல்லாரோடும் சேர்ந்து கை தட்டினார். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

அடுத்த கோடையில் வண்டிக்கு ஒரு நோவு வந்தது. முக்கால் மணி நேரம் ராஜாவாட்டம் ஓடும். அப்புறம் பட்டென்று நின்றுவிடும். அரை மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். அண்ணன் தம்பியிடம் வந்தார். காதுக்காரர் ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார். வண்டி நின்ற விதத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. பெட்ரோல் கோளாறு என்றால் இஞ்சின் இருமும், திக்கும், முக்கி முனகித்தான் நிற்கும். இப்படி ஒரே வெட்டாக நின்றால் அது கரண்டு கோளாறு. தீப்பொறிக்குக் கரண்டு கொடுக்கிற காயில் என்கிற கம்பிச்சுருள் சூடேறினால் செத்துப்போகிறது, ஆறினால் பிழைக்கிறது. புதுக் காயில் மாட்டப் பத்து நிமிஷம்.

அவர் சொல்லவில்லை.

"வெயிலுக்குப் பெட்ரோல் ஆவியாகுதுண்ணே. பழைய வண்டின்னா இதெல்லாம் இருக்கும். நின்னா, பம்பு மேல ஈரத்துணி போட்டுட்டு அரை மணி நேரம் உக்காருங்க," என்றார்.

எப்பேர்ப்பட்ட பொய் பாருங்கள். துணியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிற அரை மணி நேரத்தில் காயில் தன்பாட்டுக்கு ஆறிவிடும். வண்டி கிளம்பும். பேர் துணிக்குப் போகும். நாலு தடவை வெயிலில் நடுரோட்டில் நின்றால் அண்ணன் அலுத்துப்போய், நீயே வைத்துக்கொள்ளடா என்று வண்டியை விட்டெறிவார். காதுக்காரர் போட்ட திட்டம் அவ்வளவுதான். அண்ணனுக்குக் கெடுதல் வரவேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. அதை மட்டும் சிநேகிதன் திரும்பத் திரும்பச் சொன்னான்.

அண்ணன் அலுக்கவில்லை. ஒரு துணியும் ஒரு பாட்டில் தண்ணீரும் வண்டியில் வைத்துக்கொண்டு கோடை முழுவதும் ஓட்டினார். ஒருநாள் மூன்றேகால் மணி வாக்கில் குவாரி மேட்டில், பாதி ஏற்றத்தில், சரியாக வளைவில் வண்டி நின்றது. எவனாவது வந்து இடித்துவிடப் போகிறான் என்று பயந்திருக்க வேண்டும். அறுபத்திரண்டு வயசு மனுஷன் ஒற்றையாளாக வண்டியை மேட்டில் தள்ளியிருக்கிறார். ஒரு முழம் தள்ளுவது, பின்னால் உருளாமல் சக்கரத்துக்கு அடியில் கல் வைப்பது. மறுபடி ஒரு முழம். சாயந்தரம் அந்த வழியாக வந்த பால் வண்டிக்காரர் பார்த்தபோது அவர் முழங்கால் மடிந்து, பின் பம்பரில் நெற்றி சாய்ந்து கிடந்தார். வண்டி வந்த தடத்தில் வரிசையாக ஐந்து கல். பம்பின் மேல் போட்ட துணி காய்ந்து மட்டையாக விறைத்திருந்தது.

ஒரு மாதம் கழித்து அண்ணி காதுக்காரரைக் கூப்பிட்டனுப்பினார். வண்டியை எடுத்துப் போய்விடும்படி சொன்னார். வாசலில் நின்றால் கண் அங்கேயே போகிறதாம்.

ஆக, ஆசைப்பட்ட வண்டி கைக்கு வந்துவிட்டது. காதுக்காரர் முதல் வேலையாகப் புதுக் காயில் மாட்டினார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை... எட்டு. அப்புறம் குழாயடிக்குப் போய்க் கை கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். கடைசியில் அவர் மனைவி வந்து குழாயை மூடினார்.

வண்டியை வெயிலில் நிறுத்தி இரண்டு மணி நேரம் ஓடவிட்டார். கடிகாரம் தோற்கிற மாதிரி சீராக ஓடியது. ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தால்தான் சோதனை முழுசாகும். பக்கத்தில் வேறு ஏற்றம் இல்லை. குவாரி மேட்டுக்கு விட்டார்.

வளைவு. மூன்றேகால். பட்.

சத்தமே இல்லை. சூட்டு இரும்பு ஆறுகிற டிக்... டிக்... மட்டும். அப்புறம் ஒரு வாடை. கொதிக்கிற இரும்பில் ஈரத்துணி பட்டால் வருமே, அந்த வாடை. இறங்கிப் போய் மூடியைத் தூக்கிப் பார்த்தார். துணி எதுவும் இல்லை.

சரி, பின்னாலேயே உருட்டிக் கீழே கொண்டுபோய்விடலாம் என்று ஏறி உட்கார்ந்து ஹேண்ட்பிரேக்கை விட்டார். வண்டி பின்னால் போகவில்லை.

முன்னால் போனது... மேட்டில்... ஒரு முழம்.

பின்னால் சரளையில் செருப்பு சறுக்கித் தேய்கிற சத்தம். யாரோ மூச்சு வாங்குகிறார்கள். ஹக்... ஹக்... கண்ணாடியில் பார்த்தார். வெள்ளைப் பாறை, இளகின தார். ஆள் இல்லை. வண்டி நின்றது. சக்கரத்துக்கு அடியில் டக்கென்று ஒரு கல் வைக்கிற சத்தம். மறுபடி ஒரு முழம். மறுபடி டக். ஐந்து தடவை நடந்தது. ஆறாவது தடவை இல்லை.

சாவியைத் திருப்பினார். முதல் சுற்றிலேயே இஞ்சின் கிளம்பியது.

வேறு ஆளாக இருந்தால் வண்டியை அங்கேயே விட்டு ஓடியிருப்பான். இவர் தொழில்காரர். காரணமில்லாமல் வண்டி நிற்காது என்று முப்பத்தைந்து வருஷமாகச் சொல்லி வந்த வாய். பாயின்ட் மாற்றினார், கண்டென்சர் மாற்றினார். சாவி சுவிட்சையும் எர்த் வயரையும் புதுசாகப் போட்டார். காலையில் போனால் வண்டி வழுக்கிக்கொண்டு மேடேறும். இருட்டிப் போனாலும் ஏறும். மூன்றேகாலுக்குப் போனால் மட்டும் அதே வளைவு. நின்ற நிமிஷத்திலேயே இறங்கிச் சோதித்தார். பல்பைக் கொடுத்தால் எரிகிறது. வயரைப் பிடுங்கிக் காட்டினால் நீலமாகப் பொறி பறக்கிறது. குழாயைக் கழற்றினால் பெட்ரோல் கொட்டுகிறது. எல்லாம் இருந்தது... இஞ்சின் மட்டும் மாட்டேன் என்றது. பின்னால், அவர் ஏறி உட்காருவதற்காக, யாரோ மூச்சு வாங்கியபடி காத்திருந்தார்கள்.

நோயாளி வீட்டில் வைத்தியன் விசாரிப்பது போல அவர் அண்ணியிடம் போனார். அண்ணன் கடைசியில் வண்டியில் வேறு எதிலாவது கை வைத்தாரா என்று கேட்டார்.

அண்ணி எழுந்தார். உள்ளே போனார். ஓர் அட்டைப் பெட்டியோடு வந்தார். ஒட்டுப் பிரிக்காத புதுப் பெட்டி. மேலே அச்சடித்திருந்ததைக் காதுக்காரர் படித்தார். காயில்.

"சாகறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே வாங்கிட்டு வந்துட்டார். ஏதோ புஸ்தகத்துல பார்த்துக் கண்டுபிடிச்சாராம்," என்றார் அண்ணி. "மாட்ட வேண்டியதுதானேன்னு கேட்டேன். என் தம்பிக்குத் தெரியாம இருக்காது, அவன் வாயால சொல்லட்டும்னார். சொல்ற அன்னைக்குச் சாவியை அவன் கையில கொடுத்துடறேன், உழைச்சவன் அவன்தானேன்னார்."

காதுக்காரர் பெட்டியில் அச்சடித்திருந்ததை மறுபடி படித்தார்.

"ரெண்டு பேரும் வீம்புக்கு வெளயாடினீங்க தம்பி. தாலி என்னுது போச்சு."

அண்ணி அழவில்லை. பெட்டியை அவர் கையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் கதவு அவருக்கு இன்றுவரை திறக்கவில்லை.

மறுநாள் மூன்றேகாலுக்கு அவர் மேட்டில் இருந்தார். பட். பிரேக்கை விட்டார். ஒரு முழம்... டக். ஒரு முழம்... டக். பின்னால் மூச்சு இழுத்து இழுத்து வருகிறது. நாலாவது கல் விழுந்ததும் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டார்.

"அண்ணே... காயில்தாண்ணே. எனக்கு மொதல் நாளே தெரியும்."

மூச்சு நின்றது.

அவர் கால் பிரேக்கில் இல்லை. அந்த மேட்டில் வண்டி அப்படியே நின்றது. செருப்புச் சத்தம் மெதுவாகப் பக்கவாட்டில் வந்தது. அவர் ஜன்னலருகே கொஞ்ச நேரம் நின்றது. அவர் நிமிரவில்லை. சத்தம் முன்பக்கமாகச் சுற்றிப் போனது. அந்தப் பக்கத்துக் கதவு திறந்தது. சீட்டு ஸ்பிரிங் கிறீச்சென்று அமுங்கியது. கதவு சாத்திக்கொண்டது.

சாவியைத் திருப்பினார், கிளம்பியது. வீடு வரைக்கும் பக்கத்தில் திரும்பவில்லை. வெயிலில் உழைத்த வேர்வை வாடை மட்டும் கூடவே வந்ததாம். வீட்டு வாசலில் அவர் இறங்கினார். மறுபக்கக் கதவு திறக்கவில்லை.

அதற்கப்புறம் குவாரி மேட்டில் வண்டி நின்றதே இல்லை. ஆனால் மறுநாள் காலையில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பக்கத்து சீட்டுப் பக்கம் இரண்டு விரற்கடை தாழ்வு. பழைய வண்டிக்கு ஸ்பிரிங் தளர்வது உண்டு. இடது ஸ்பிரிங்கையும் வலது ஸ்பிரிங்கையும் கழற்றி மாற்றிப் போட்டால் சாய்வும் பக்கம் மாற வேண்டும். மாறவில்லை. நாலும் புதுசு போட்டார். அதே பக்கம், அதே இரண்டு விரல். பாட்டரியைக் கழற்றினார். ஷெட்டைப் பூட்டினார். வெளி வண்டி எதையும் இப்போது அவர் தொடுவதில்லை. கோளாறு என்ன என்று யாராவது கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுகிறாராம்.

போன வாரம் என் சிநேகிதன் அங்கே போயிருந்தான். மாமனார் வண்டியைப் பார்க்க வேண்டும்போல் இருந்ததாம். காதுக்காரரிடம் சாவி வாங்கி ஷெட்டைத் திறந்தான். எல்லாவற்றின் மேலும் தூசி. டேப்பை வைத்து அளந்து பார்த்தான். சந்தேகம் தீராமல் இன்னொரு தடவை அளந்தான். சாய்வு இருந்தது... ஆனால் ஸ்டியரிங் பக்கம்.

காதுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினான். அவர் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். முகத்தில் ஆச்சரியம் என்று ஒன்றும் இல்லை. எங்கோ கிளம்புகிற ஆள் போலச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"பக்கத்து சீட்டு காலியாயிடுச்சு, மாப்ளே."